‘வெள்ளிக்கிழமை ஆபரேஷன்... கையெழுத்துப் போடலாமா?’

மார்பகப் புற்றுநோயை ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்து என்ன செய்வது என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். கட்டி மார்பிலும், மிஞ்சிப்போனால் அக்குள் நெறிகட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) ஒன்றிரண்டிலும் மட்டும் இருக்கும் நிலைக்கே இவை பொருந்தும். அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு என மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து எழுதியவை.

எனக்கு வயது 47. இடது மார்பில் 1.8 செ.மீ. கட்டி. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் புற்றுநோய்ச் செல் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இங்கே ஒரு நர்சிங் ஹோமில், ‘வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். வீட்டிலும் அவசரப்படுத்துகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம் அம்மா. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இந்தக் கட்டி வளர்வதற்கே பெரும்பாலும் வருடங்கள் ஆகியிருக்கும். இன்னும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு சரியாக முடிவெடுத்தால் எதுவும் கைமீறிப் போகாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

உங்களுக்குச் செய்திருப்பது மெல்லிய ஊசிச் சோதனை. அதில் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். எந்த வகை என்பது தெரியாது. சிகிச்சையின் வரிசையே அந்த வகையை வைத்துத்தான் அமையும். அதற்கு ட்ரூகட் பயாப்ஸி செய்ய வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே, சேமியா கனத்தில் நாலைந்து துண்டு எடுப்பார்கள். அரை மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்தத் துண்டுகள் விழும் பாட்டிலைக் கொஞ்சம் கவனியுங்கள். எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) இருக்க வேண்டும். சதையைப் போல பத்து மடங்கு திரவம் வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். வெறும் சலைன் தண்ணீரில் போட்டு மறுநாள் லேபுக்கு அனுப்புவதும், சின்ன பாட்டிலில் பெரிய கட்டியைத் திணித்து அனுப்புவதும் இன்னும் நடக்கிறது. நடுவில் ஃபார்மலின் இறங்காமல் சதை கெட்டுப்போனால், ஹார்மோன் ஏற்பி இருக்கும் கட்டியிலும் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். அந்த ஒரு வார்த்தையால் ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையே உங்களுக்குக் கிடைக்காமல் போகும்.

ரிப்போர்ட் வந்ததும் நான்கு விவரம் இருக்கிறதா பாருங்கள்: கட்டியின் வகையும் கிரேடும் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற கணக்கு), ஈ.ஆர். மற்றும் பி.ஆர். (இரண்டு ஹார்மோன் ஏற்பிகள்) எத்தனை சதவீதம், ஹெர்-2 (கட்டியை வளரத் தூண்டும் புரதம்) பூஜ்யமா, 1, 2, 3 பிளஸில் எது, கி-67 (செல் பெருகும் வேகம்) எவ்வளவு. ஈ.ஆர். ஒரு சதவீதம் இருந்தாலே ‘பாசிடிவ்’ கணக்குத்தான். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத வகையோ, ஹெர்-2 பாசிடிவ் வகையோ என்றால், கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருக்கும்போதும் நெறிகட்டியில் நோய் இருக்கும்போதும் முதலில் மருந்து, பிறகு அறுவை என்ற வரிசைதான் நல்லது. மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கட்டியே சுருங்கிக் காட்டும். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. உங்கள் கட்டி 1.8, எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

அறுவைக்கு முன் இரண்டு மார்புக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அக்குளுக்கு அல்ட்ராசவுண்ட் அவசியம். எலும்பு வலி, மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்ப நிலைக்கு, உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை. அதற்குச் செலவிடும் பணம் பின்னால் உதவும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். ‘ட்ரூகட் ரிப்போர்ட் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் சார், கீமோ டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொன்னால் போதும். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

என் மதினிக்கு 52 வயது. 2 செ.மீ. கட்டி. ‘கட்டியை மட்டும் எடுத்தால் போதும், மார்பைக் காப்பாற்றலாம்’ என்று டாக்டர் சொல்கிறார். அண்ணனும் மற்றவர்களும், ‘முழுசா எடுத்துட்டா நிம்மதி, மிச்சம் வச்சா திரும்ப வரும்’ என்கிறார்கள். மதினி வாயே திறக்க மாட்டேன் என்கிறார். எது சரி?
– ஒரு நாத்தனார், மேலூர்

கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பை முழுதாக எடுத்தாலும் ஆயுள் ஒன்றுதான். இது ஊகமாகச் சொல்வதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி 1973லும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976லும் தொடங்கிய ஆய்வுகளில் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு விதச் சிகிச்சையும் கொடுத்து 20 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2002ல் இரண்டு முடிவுகளும் வெளிவந்தன. உயிர் பிழைத்திருந்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

உங்கள் அண்ணனின் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதே அமெரிக்க ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் மறுபடி கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 14 பேருக்குத்தான் வந்தது. இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைவு. ஆகவே மார்பைக் காப்பாற்றும் அறுவை என்றால் கதிர்வீச்சும் சேர்ந்ததுதான் முழுச் சிகிச்சை. ‘ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, கரண்ட் வைக்க அப்புறம் போவோம்’ என்று விட்டவர்களுக்குத்தான் மார்பில் அதிகமாகத் திரும்ப வந்து நிற்கிறது. மதினியால் மூன்று வாரம் விடாமல் கதிர்வீச்சுக்குப் போய்வர முடியுமா? மேலூரிலிருந்து மதுரை பக்கம்தான். முடியும் என்றால் மார்பைக் காப்பாற்றலாம்.

அது ஒத்துவராத சூழல்களும் இருக்கின்றன: ஒரே மார்பில் தள்ளித் தள்ளிப் பல இடத்தில் நோய், மேமோகிராமில் மார்பு முழுக்கப் பரவிய சுண்ணாம்புப் புள்ளிகள், அதே இடத்தில் முன்பே கதிர்வீச்சு வாங்கியிருப்பது, கர்ப்பமாக இருப்பது. சின்ன மார்பில் பெரிய கட்டி என்றால் முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிப் பார்க்கலாம்.

அறுவை நாளில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். எடுத்த கட்டியில் மேல் பக்கம் குட்டையாக ஒரு தையல், வெளிப்பக்கம் நீளமாக ஒரு தையல் போட்டு அனுப்புவார்கள். லேபில் அந்தச் சதையின் வெளிப்புறம் முழுக்க மை பூசி, பிறகு வெட்டிப் பார்ப்பார்கள். மை பூசிய விளிம்பில் புற்றுநோய்ச் செல் தொடவில்லை என்றால் எடுத்தது போதும். தொட்டிருந்தால், தையல் அடையாளத்தை வைத்து எந்தப் பக்கம் என்று கண்டு அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். தையல் போடாமல், அல்லது இரண்டு மூன்று துண்டாக வெட்டி அனுப்பினால், எந்தப் பக்கம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் முழு மார்பையும் எடுக்க வேண்டிவரலாம். கட்டி இருந்த குழியில் நாலைந்து டைட்டானியம் கிளிப் வைக்கச் சொல்லுங்கள். கதிர்வீச்சு டாக்டருக்கு அதுதான் அடையாளம்.

மறுபடி ஒரு சின்ன அறுவை தேவைப்படுவது சிலருக்கு நடக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதினி பேசாமல் இருப்பதைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இது அவர் உடம்பு. ‘உங்களுக்கு என்ன தோணுது மதினி?’ என்று நீங்கள் தனியாகக் கேளுங்கள். அண்ணன் இல்லாத நேரத்தில். முழுதாக எடுப்பதே நிம்மதி என்று அவரே சொன்னால் அதுவும் சரியான சிகிச்சைதான். ஊர் வாய்க்குப் பயந்தோ, மற்றவர்கள் நிம்மதிக்காகவோ எடுக்க வேண்டாம்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று எங்கள் அப்பத்தா சொல்கிறது. ஊசி குத்தினாலும் பரவுமா?
– வாடிப்பட்டி

பரவாது. முன்பெல்லாம் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஏற்கெனவே பரவியிருந்தது அறுவைக்குப் பிறகு வெளியே தெரிந்தது. பழி கத்தி மேல் விழுந்தது. கட்டி மேல் பச்சிலைப் பத்துப் போட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களுக்குத்தான் அறுவையே சிக்கலாகிறது. அப்பத்தாவிடம் பதமாகச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். மார்பைக் காப்பாற்றி ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி கரண்ட் வைக்க தினமும் மதுரைக்குப் போய்வர வேண்டும் என்கிறார்கள். 25 நாளா, 15 நாளா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இடது பக்கம், இதயத்துக்கு ஆபத்து என்றும் கேள்விப்பட்டேன்.
– வயது 49

முன்பு 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) என்ற அளவை 25 நாளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது 40 கிரே, 15 நாள், அதாவது வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் என்பதே பல இடங்களில் வழக்கம். பலனில் குறைவில்லை. மார்பு சுருங்குவதும் தோல் கருப்பதும் கூடவில்லை. 26 கிரேயை ஐந்தே நாளில் கொடுக்கும் முறையும் 2020ல் வெளியான இங்கிலாந்து ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் வந்திருக்கிறது. நீங்கள் வரும் தூரத்தைச் சொல்லி, ‘எனக்கு 15 நாளோ 5 நாளோ ஒத்துவருமா?’ என்று நேராகக் கேளுங்கள். கட்டி இருந்த குழிக்கு மட்டும் கூடுதலாக நாலைந்து நாள் கொடுப்பதும் உண்டு. 50 வயதுக்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் சேரும்.

மிஷினில் படுக்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். வலி இருக்காது. முதல் நாளுக்கு முன்பு சி.டி. எடுத்து அளவு குறிப்பார்கள். தோலில் போடும் புள்ளியையும் கோட்டையும் தேய்த்துக் குளித்து அழித்துவிடாதீர்கள். இடது பக்கத்துக்கு, மூச்சை நன்றாக இழுத்து அடக்கி வைத்திருக்கும்போது மட்டும் கதிர் கொடுக்கும் முறை இருக்கிறது. நுரையீரல் விரிந்து இதயம் பின்னே தள்ளிப்போகும். 20 நொடி மூச்சை அடக்க வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். அந்த வசதி உள்ள மிஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பக்கம் என்றால் மதுரையில் பாலரெங்காபுரத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. கீமோ தேவைப்படாதவர்கள் அறுவைக்குப் பிறகு ஏழெட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம். திருவிழா, அறுப்பு என்று ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள்.

பூந்தோட்டத்தில் மல்லி பறிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. கம்புக்கூட்டில் உள்ள நெறிகட்டி எல்லாவற்றையும் எடுத்தால் கை வீங்கிவிடும் என்கிறார்கள். எடுக்காமல் விட முடியுமா?
– திருப்பரங்குன்றம் அருகில் ஒரு கிராமம்

அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தமாக இருந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்று முதல் மூன்று நெறிகட்டியை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். காவல்கார நெறிகட்டி என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சென்டினல் என்பார்கள். அறுவையின்போதோ அதற்குச் சற்று முன்போ மார்பில் நீலச் சாயமோ, கதிரியக்கத் துளியோ, ஒளிரும் பச்சைச் சாயமோ ஏற்றுவார்கள். அது ஏறிய நெறிகட்டியைத் தேடி எடுப்பார்கள். நீலச் சாயம் என்றால் மறுநாள் வரை சிறுநீர் பச்சையாகப் போகும். பயந்துவிடாதீர்கள்.

அதில் நோய் இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடலாம். ஒன்றிரண்டில் இருந்தாலும், மார்பைக் காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும் எடுப்பவர்களுக்கு மிச்சத்தை எடுக்காமல் விட்டாலும் ஆயுள் குறைவதில்லை என்று நிரூபணமாகியிருக்கிறது. இந்த வசதி எல்லா நர்சிங் ஹோமிலும் இருக்காது. அறுவைக்கு முன்பே, ‘சென்டினல் செய்வீர்களா, முழுதாக எடுப்பீர்களா?’ என்று கேட்பது உங்கள் கையைக் காப்பாற்றும் கேள்வி.

முழுதாக எடுக்க வேண்டி வந்தால், டியூபோடு பாட்டில் ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, நோட்டில் எழுதி, பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அமுக்கிய பாட்டில் உப்பிவிட்டால் உறிஞ்சாது, நீர் உள்ளே தேங்கும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்தால் டியூபை எடுப்பார்கள். மறுநாளிலிருந்தே விரலையும் முழங்கையையும் மடக்கி நீட்டுங்கள். டியூப் எடுத்த பிறகு சுவரில் விரலால் நடந்து ஏறி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டு வையுங்கள். தினமும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். வலிக்கிறது என்று கையை மடியிலேயே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். செடிக்கு மேல் கை எட்டாது.

தோட்டத்துக்குத் திரும்பும்போது அந்தக் கைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மருந்தடித்த அன்று பறிக்க இறங்க வேண்டாம். பூச்சிக்கடி, கீறல் எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கு 61 வயது. ஆபரேஷன் முடிந்தது. கட்டி 1.4 செ.மீ., கிரேடு 2, ஈ.ஆர். 90%, பி.ஆர். 60%, ஹெர்-2 ஒரு பிளஸ், கி-67 12%, மூன்று நெறிகட்டியிலும் நோய் இல்லை. ஒரு டாக்டர் கீமோ வேண்டும் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– மகள், மதுரை கே.கே.நகர்

நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால் மாத்திரை போதும் என்ற பக்கமே எடை அதிகம். ஏன் என்று சொல்கிறோம்.

கீமோ வேகமாகப் பெருகும் செல்லைக் கொல்லும். அம்மாவின் கட்டி மெதுவாக வளர்வது, ஹார்மோனை நம்பி வாழ்வது. ஹார்மோனை நிறுத்தினால் பட்டினி கிடந்து சாகும். இப்படிப்பட்ட கட்டிக்குக் கீமோ கூடுதலாகக் கொடுக்கும் பலன் மிகச் சிறியது. சில பேருக்குச் சுத்தமாக இல்லை. 2018ல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கட்டியில் 21 மரபணுக்களை அளந்து ஒரு எண் கொடுக்கும் ஆன்கோடைப் சோதனை உண்டு. நெறிகட்டியில் நோய் இல்லாத, 50 வயது தாண்டிய பெண்களில் அந்த எண் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோ சேர்த்ததால் பலன் கூடவில்லை. 50 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு வேறு. 16லிருந்தே கொஞ்சம் பலன் தெரிந்தது.

ஆன்கோடைப்புக்கு லட்சக்கணக்கில் செலவு. பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற சோதனை அதைவிட விலை குறைவு. கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே முடிவு தெரியும் நிலையில் அந்தப் பணத்தையும் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ‘சோதனை எந்த எண் வந்தால் கீமோ கொடுப்பீர்கள், எந்த எண் வந்தால் விட்டுவிடுவீர்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். எது வந்தாலும் கீமோதான் என்றால் சோதனையே வேண்டாம். அம்மாவைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்குக் கீமோவால் பலன் கூடும் என்று இரண்டு டாக்டரிடமும் எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். அபிப்பிராய பேதம் அந்த இடத்தில் பாதி கரைந்துவிடும்.

மாத்திரை என்றால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் அல்லது அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம், தினம் ஒன்று, ஐந்து வருடம். முதல் வருடத்தில் நிறையப் பேர் நிறுத்துவது மூட்டு வலியால். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. தினமும் நடந்தால் குறையும். தாங்க முடியாவிட்டால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். தானாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடும். எலும்பு தேயும் என்பதால் தொடங்கும்போதே டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது), கால்சியம், வைட்டமின் டி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எலும்புக்கு ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி ஆட்டம் கண்ட பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் நிற்கலாம்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு டமாக்சிஃபென் 20 மில்லிகிராம். சூலகத்தை (சினைப்பையை) அடக்காமல் அவர்களுக்கு லெட்ரோசோல் மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்செடின், ஃப்ளூஆக்செடின் இரண்டும் இதன் வேலையைக் கெடுக்கும். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. மஞ்சள் சத்து மாத்திரைகளை விட்டுவிடுங்கள்.

ஹெர்-2 ‘2 பிளஸ்’ என்று வந்திருக்கிறது. பாசிடிவா நெகடிவா?
– சோழவந்தான்

இரண்டும் இல்லை, இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். லேபில் உங்கள் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகுக் கட்டியிலிருந்து ஃபிஷ் சோதனை (ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்ப்பது) செய்ய வேண்டும். அது வராமல் மருந்து தொடங்கக் கூடாது. பாசிடிவ் என்றால் ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் ஒரு வருடம். சின்னக் கட்டி என்றால் கூடவே வாராவாரம் பக்லிடாக்சல் என்ற கீமோ 12 தடவை போதும். டிராஸ்டுசுமாப் 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகி வருவதால் விலை முன்பு மாதிரி இல்லை. இதயம் பம்பு செய்யும் திறனை, மருந்து தொடங்கும் முன்னும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். ஃபிஷ் சோதனையைச் செலவுக்காகத் தள்ளிவிட்டவர்களுக்கு இந்த மருந்தின் பலன் முழுதாகப் போய்விடுகிறது. மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

எனக்கு 34 வயது. ஒரு பெண் குழந்தை. 2.8 செ.மீ. கட்டி, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகடிவ். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. கேட்கவே பயமாக இருக்கிறது.
– ஐயர் பங்களா, மதுரை

கேட்க வேண்டிய நேரம் இதுதான், தங்கச்சி. கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் வழி குறைந்துவிடும். முதல் கீமோவுக்கு முன்பே கருத்தரிப்பு மருத்துவரைப் பாருங்கள். கருமுட்டையையோ கருவையோ எடுத்து உறைய வைக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். அதைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு வசதியில்லை என்றால், கீமோவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து மாதம் ஒரு ஊசி போட்டுச் சூலகத்தைத் தூங்க வைக்கலாம். மாதவிடாய் திரும்பும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. சிகிச்சை நடக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. கருத்தடை மாத்திரையும் கூடாது. ஆணுறை அல்லது காப்பர் டி.

உங்களுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை. தொடங்கும் முன் கட்டிக்குள் அரிசி மணியைவிடச் சின்ன உலோகக் கிளிப் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இந்த வகைக் கட்டி மருந்துக்கு நன்றாகக் கரையும்; சிலருக்கு ஸ்கேனிலேயே காணாமல் போய்விடும். கிளிப் இல்லாவிட்டால் எங்கே வெட்டுவது என்று சர்ஜன் தடுமாறுவார். அறுவையில் எடுத்த சதையில் நோய் மிச்சம் இருந்தால் அதற்குப் பிறகு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை உண்டு. கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஊசி சேர்ப்பதும் உங்கள் நிலைக்குப் பலன் தரும். விலை மிக அதிகம். கடன் வாங்கும் முன் நிறுவனங்களின் உதவித் திட்டம் பற்றி விசாரியுங்கள்.

பரம்பரையாக வரும் மரபணுப் பழுதைப் பார்க்கும் பிராக்கா சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். பழுது இருந்தால் அறுவையின் அளவே மாறலாம். அக்கா தங்கச்சிக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்.

காப்பீட்டு அட்டை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, மதுரையிலேயே பார்க்கலாமா?
– அலங்காநல்லூர்

ஆரம்ப நிலைக்குத் தேவையான அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் மதுரையிலேயே கிடைக்கின்றன. மாதக்கணக்கில் போய்வர வேண்டிய சிகிச்சை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் முடியும். சந்தேகம் இருந்தால் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மட்டும் அடையாறு போய் வாருங்கள். போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. லேபிலிருந்து மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடுகள்) எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது உங்கள் சொத்து மாதிரி. தொலைத்தால் மறுபடி குத்த வேண்டும். புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். ஒன்றை மறக்காதீர்கள்: இது முன் அனுமதி வாங்கிச் செய்யும் திட்டம். கையிலிருந்து பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க முடியாது. சேரும் அன்றே காப்பீட்டு மேஜையில் அட்டையைக் காட்டி, எது எதற்கு அனுமதி வந்திருக்கிறது, எது வெளியே என்று எழுதி வாங்குங்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு 73 வயது. 1.5 செ.மீ. கட்டி எடுத்தாகிவிட்டது. ஈ.ஆர். பாசிடிவ், நெறிகட்டி சுத்தம். இந்த வயதில் கரண்ட் வைத்து அலைக்கழிக்க வேண்டுமா?
– ஒத்தக்கடை

விட்டுவிடலாம், ஹார்மோன் மாத்திரையை ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிடுவதாக இருந்தால். 70 வயது தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில் பத்து வருடத்தில் மார்பிலோ அக்குளிலோ திரும்ப வந்தது கதிர்வீச்சோடு 100க்கு 2 பேர், இல்லாமல் 10 பேர். ஆயுளில் வித்தியாசம் இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாது, அல்லது மறந்துவிடுவார் என்று நினைத்தால் ஐந்து நாள் கதிர்வீச்சைக் கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கு முதல் கீமோ. வீட்டில் என்ன வாங்கி வைப்பது?
– செல்லூர்

முதலில் ஒரு தெர்மாமீட்டர். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது. மாத்திரை சூட்டை மறைத்துவிடும், ரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டே இருக்கும். நடுராத்திரி ஆனாலும் 108க்குப் போன் போடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே, ‘கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்’ என்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்; ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏற்றத் தொடங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் நன்றாகச் சாப்பிடட்டும். நன்கு வெந்ததாக இருக்க வேண்டும், கடைச் சட்னியும் வெட்டி வைத்த பழமும் கூடாது. முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும். முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொண்டால் தலையணை முழுக்க முடியைப் பார்க்கும் காலை வராது. பக்லிடாக்சல் ஓடும்போது விரல் நுனி மரத்தால் அடுத்த தடவையே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, பூவை நூலில் கட்ட வருகிறதா என்று வாராவாரம் பார்த்து வையுங்கள். நர்ஸ் கொடுக்கும் வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். சொன்ன நேரத்தில் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கீமோவுக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் எழுதிய ஆஸ்பத்திரி போன் எண்ணைப் பெரிய எழுத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.